முத்திரை உடைக்காத பெட்டி

எங்கள் சுரங்கத்தில் முதலுதவிப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று காட்டுவதற்கு. மற்றது ரத்தம் வந்தால் திறப்பதற்கு.

காட்டுகிற பெட்டி மேனேஜர் ரிஸ்பாயின் அறைச் சுவரில் தொங்கியது. வெள்ளை பிளாஸ்டிக். மூடியில் கம்பி கோத்து ஈய முத்திரை. வருஷத்துக்கு இரண்டு தடவை மாவட்டத்திலிருந்து பரிசோதகர் வருவார். ஈயத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், ஒட்டியிருக்கிற தேதியைப் படிப்பார், தேநீர் குடிப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். முத்திரை உடைந்திருந்தால் தொல்லை. யார் உடைத்தது, யாருக்கு அடி, ஏன் மேலே எழுதி அனுப்பவில்லை என்று ஒரு வாரம் வேலை நிற்கும். அதனால் அதை யாரும் தொடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் அதைச் சொல்வது என் பொறுப்பு. "அதுல கை வெச்சே, கையை ஒடிச்சு அடுப்புல போடுவேன். அடிபட்டா என்கிட்ட வா" என்பேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னேன்.

நான் புருல். கராதாஷ் நிலக்கரிச் சுரங்கத்தின் சாமான் அறை என் கையில் இருந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் கன்வேயர் பெல்ட்டில் நின்று கரியிலிருந்து கல் பொறுக்கினேன். என் அப்பா இதே மலையில் குழிக்குள் இறங்கி வெட்டியவர். அவருக்கு விரல் போனபோது கோட்டுக்குள்ளிருந்த பஞ்சைப் பிய்த்து வைத்து, செருப்புக் கயிற்றால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் வேலைக்குப் போனார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் கட்டுத்துணியைத் தூக்கிப் போடமாட்டாள்.

இரண்டாவது பெட்டி என் அறையில் இருந்தது. இரும்பு. ஒரு காலத்தில் வெடித்திரி வைத்திருந்த பெட்டி. நான் கழுவி, மூடியில் வேலிக்கு அடித்த சிவப்புச் சாயத்தால் சிலுவை போட்டேன். அதற்குள் இருந்தது எல்லாம் வெள்ளைப் பெட்டியில் தேதி முடிந்த சாமான்கள். தேதி முடிந்தால் புது வெள்ளைப் பெட்டி வரும். பழையதை அழித்தோம் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்: மேனேஜர், நான், தொழிலாளிகள் சார்பில் ஒருத்தர். பாய்லர் அடுப்பில் போட்டு எரித்ததாக எழுதுவோம். எரித்தது சாமான்கள் வந்த அட்டைப்பெட்டிகளை மட்டும்தான். கட்டுத்துணி, பஞ்சு, அயோடின், பிளாஸ்டர், கத்தரிக்கோல், ரத்தத்தை நிறுத்துகிற ரப்பர் பட்டை எல்லாம் என் இரும்புப் பெட்டிக்கு வந்துவிடும். களிம்பை மட்டும் மேலே ஆடு மேய்க்கிறவர்களுக்குக் கொடுப்பேன். ஆட்டின் மடி வெடிப்புக்கு நல்லது.

தொழிலாளிகள் சார்பில் கையெழுத்துப் போட்டவன் சுயுன்பெக். பெல்ட் வேலைக்காரன். முப்பத்தொன்பது வயது, வாய் ஓயாது. இரண்டு வருஷத்துக்கு முன் கடைசியாக அழித்தபோது, காகிதத்தில் பேனாவை வைத்துக்கொண்டே சொன்னான்:

"புருல் அக்கா, இப்ப இதெல்லாம் சாம்பலாயிடுச்சு, சரிதானே?"

"சாம்பல்தான்."

"நாளைக்கு எனக்கு அடிபட்டு நீ இதால கட்டுப் போட்டீன்னா?"

"ஆவி வந்து கட்டுச்சுன்னு சொல்லு."

"ஆவிக்கு உன்ன மாதிரி கை கனமா இருக்காது அக்கா. நான் ஆவிகிட்டயே கட்டிக்கிறேன்" என்று சிரித்தான். ரிஸ்பாயும் சிரித்தார். அட்டையை அடுப்பில் போட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம்.

தப்பு நடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டுத்துணி கெட்டுப்போகாது. அயோடினும் கெட்டுப்போகாது. அந்த இரும்புப் பெட்டியால் எத்தனையோ விரல், எத்தனையோ மண்டை பிழைத்தது. புருலிடம் எதுவும் இல்லை என்று ஒருவனும் திரும்பிப் போனதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ரப்பர் கெட்டுப்போகும்.

அது எனக்கு இந்தக் கோடையில் தெரிந்தது. என் அறை அடுப்பின் புகைக்குழாய் ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியில் பழுப்பு நிற ரப்பர் பட்டைகள் நான்கு சுருட்டி வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துக் குழாயைக் கட்ட இழுத்தேன். காய்ந்த ரொட்டி உடைவதுபோல உடைந்தது. துண்டை வளைத்துப் பார்த்தேன். மேலெல்லாம் மயிரிழை மாதிரி வெடிப்பு. மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் வெடிப்பு இருந்தது, கொஞ்சம் குறைவு. பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவு மாதிரி வெள்ளைப் பொடி தடவி, மறுபடி சுருட்டி உள்ளே வைத்தேன்.

புதிது கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? எரித்துவிட்டதாக நானே கையெழுத்துப் போட்ட சாமான் உடைந்துபோச்சு என்று எந்தக் காகிதத்தில் எழுதுவது? அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். குழாயைக் கம்பியால் கட்டினேன்.

இலையுதிர்காலம் முடிந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஊரெல்லாம் குளிர்காலத்துக்குக் கரி வாங்க வரும். லாரிகள் சாலை வளைவுவரை நிற்கும். பெல்ட்டை நிறுத்தினால் ஓட்டுநர்கள் ஹாரன் அடித்து உயிரை எடுப்பார்கள். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். நல்ல குளிர், எச்சில் துப்பினால் உறைந்து விழுந்து தரையில் சத்தம் கேட்கிற குளிர். பெல்ட்டின் கடைசி உருளையில் ஒரு கல் மாட்டிக்கொண்டது. சுயுன்பெக் பெல்ட்டை நிறுத்தாமலே கடப்பாரையால் குத்தினான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கடப்பாரை வழுக்கியது. உருளை அவன் காலை உள்ளே இழுத்தது.

சுவிட்சை அணைத்துக் காலை வெளியே எடுத்தபோது தொடையின் உள்பக்கம் கிழிந்திருந்தது. ரத்தம் விட்டுவிட்டுப் பீறியது.

பக்கத்தில் நின்றவன் மெதெர். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பெல்ட். ஒருவன் பெண் பார்க்கப் போனபோது மற்றவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். மெதெர் ஓடினான். பெல்ட்டிலிருந்து முப்பது அடி தூரத்தில் மேனேஜர் அறை. கதவு திறந்திருந்தது. வெள்ளைப் பெட்டி கண்ணுக்கு நேரே தொங்கியது. அதைத் தாண்டி, இன்னும் நூறு அடி ஓடி என்னிடம் வந்தான். அந்தப் பெட்டியில் ஏதாவது இருக்கும் என்ற நினைப்பே எங்கள் ஆட்கள் யாருக்கும் வராது. சுவரில் மாட்டிய படம் மாதிரி அது.

"அக்கா, சுயுன்! ரப்பர்! ரப்பர் குடு!"

கொடுத்தேன். என் கையாலேயே இரண்டு பட்டைகளை எடுத்து அவன் கையில் வைத்தேன். வைக்கும்போது அந்த வெடிப்பு ஞாபகத்துக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வேறு எதுவும் இல்லையே என்ற நினைப்பும் சேர்ந்தே வந்தது. நானும் வெள்ளைப் பெட்டியை நினைக்கவில்லை.

அவன் பின்னாலேயே ஓடினேன். மெதெர் தொடையில் ஒரு சுற்று சுற்றி இழுத்தான். இரண்டாவது சுற்றில் படக்கென்று அறுந்தது. அடுத்ததை எடுத்தான். அது முதல் சுற்றிலேயே போனது.

"மெதெர்," சுயுன்பெக் பேசினான், நிதானமாக. "கால்சட்டையைக் கிழிக்காதடா. ஜூரா போன வாரம்தான் தெச்சா."

"வாயை மூடுடா. பேசாத."

"நீ என்னடா பெரிய டாக்டரு. கை இவ்ளோ ஆடுது."

மெதெர் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்ற முயன்றான். மேலே பஞ்சுக் கோட்டு, அதன்மேல் இன்னொன்று, விரல்கள் விறைத்துப்போயிருந்தன. கொக்கி வரவில்லை. ஒரு கையை முஷ்டியாக்கிக் காயத்துக்குள் அழுத்திக்கொண்டு மறுகையால் கொக்கியோடு போராடினான். நான் போய்க் கழற்றிக் கொடுத்தேன். கட்டி முடித்தபோது பனி முழுக்கச் சிவப்பு. ஜீப்பில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பாதை. பாதி வழியில், ஆற்றுப் பாலத்துக்கிட்டே, குளிருதுடா என்று சொன்னானாம். அதுதான் கடைசி.

ஜீப் போனபின் பனியில் கிடந்த ரப்பர் துண்டுகளை நான் பொறுக்கினேன். நான்கு துண்டுகள். அப்போது யாராவது கேட்டிருந்தால், இடத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று சொல்லியிருப்பேன். யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் எடுத்தேன்.

இறப்பு வீட்டில் கம்பளிக் கூடாரம் போட்டு, அதற்குள் உடம்பை வைத்தார்கள். வாசலில் குடும்பத்து ஆண்கள் இடுப்பில் துணி கட்டி, கோலை ஊன்றி வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊரில் துக்கத்துக்கு வருகிற ஆண் தூரத்திலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு வருவான். என் ஈரக்குலையே, என் உடன்பிறப்பே என்று கத்திக்கொண்டே நெருங்குவான். வாசலில் நிற்கிறவர்கள் பதிலுக்குக் குரலெடுத்து அழுவார்கள். அழுகையை அழுகை எதிர்கொள்ளும். அப்படி எதிர்கொண்டால்தான் அவன் வந்ததாகக் கணக்கு.

மெதெர் சாலையிலிருந்தே கத்தி அழுதுகொண்டு வந்தான். "என் ஈரக்குலையே! உன்னை எங்கடா தேடுவேன்!"

வரிசையில் முதல் ஆள் சுயுன்பெக்கின் அண்ணன் தொக்தோ. அதுவரை வந்த எல்லோருக்கும் தொண்டை கிழிய அழுதவர். மெதெரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். அவர் மூடியதும் வரிசை முழுக்க மூடிக்கொண்டது. மெதெரின் குரல் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது. பாதி முற்றத்தில் அது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். நின்றான். குரல் தேய்ந்து அடங்கியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனான்.

காரணம் இதுதான். உடம்பைக் கொண்டுவந்த அன்றைக்கே ரிஸ்பாய் தொக்தோவை அறைக்குக் கூட்டிப்போய் வெள்ளைப் பெட்டியைக் காட்டியிருக்கிறார். "பாருங்கண்ணே, எல்லாம் புதுசு. முத்திரைகூட உடையல. மெதெர் பதட்டத்துல இதை எடுக்கவே இல்ல." ஆஸ்பத்திரியில் டாக்டரும் சொல்லியிருக்கிறார், உடனே சரியாக இறுக்கிக் கட்டியிருந்தால் ஆள் பிழைத்திருப்பான் என்று. இரண்டும் சேர்ந்துவிட்டன. ரப்பர் அறுந்தது என்று மெதெர் சொன்னபோது ஊர் சிரித்தது. இழுப்பதற்கென்றே செய்த ரப்பர் எப்படி அறும், அதுவும் இரண்டு தடவை?

தப்பு தன் கையில்தான் என்று மெதெரே நம்பத் தொடங்கிவிட்டான். வேலைக்கு வந்த முதல் வாரம் என் அறையில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நீ பக்கத்துலதானே இருந்த. நான் இழுத்தப்ப அது எதுலயாவது உரசுச்சா?"

"எதுல?"

"உருளை ஓரத்து இரும்புல. பார்க்காம அது மேல வெச்சு இழுத்துட்டேன்னு நினைக்கிறேன். முதல் தடவை உரசியிருக்கும். ரெண்டாவது தடவை நான் ரொம்ப இழுத்துட்டேன். கோவத்துல இழுத்தேன் அக்கா. யார் மேல கோவம்னு தெரியல."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கெண்டியை அடுப்பில் வைத்தேன். "தேத்தண்ணி குடி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த நான்கு துண்டுகளும் அப்போது என் கோட்டுப் பையில் இருந்தன.

நாள் போனது. பெல்ட்டில் அவன் பக்கத்தில் நிற்க ஆள் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்தான். அவன் மனைவி கடைக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அவன் வரக் கூடாது என்று தொக்தோ சொல்லி அனுப்பினார். வாய்விட்டு அழ முடியாத துக்கம் ஆளை என்ன செய்யும் என்று நான் தினமும் பார்த்தேன். அவன் எடை குறைந்தது. பேச்சு நின்றது. ஒரு நாள் உருளைக்குப் பக்கத்தில், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றான். கத்தினேன். திரும்பிப் பார்த்தான், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல.

நாற்பதுக்கு முந்தின நாள் ரிஸ்பாய் கூப்பிட்டார். நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். தனியாக இருக்கும்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

"உக்காரு புருல். வியாழக்கிழமை விசாரணைக் குழு வருது. உன் அறையில அந்த இரும்புப் பெட்டி இருக்கில்ல?"

"இருக்கு."

"இருக்கக் கூடாது. இன்னைக்கே பாய்லர்ல போடு. ரெண்டு வருஷம் முன்னாடியே எரிச்சாச்சுன்னு நாம எழுதியிருக்கோம். சுயுன்பெக் கையெழுத்தே இருக்கு."

"செத்தவன் கையெழுத்து."

"அவன் உயிரோட இருந்தப்ப போட்டது." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இதைப் படி. மெதெர் இடுப்பு பெல்ட்டால கட்டினான், தாமதமா கட்டினான். பார்த்தேன்னு ஒரு கையெழுத்து. ரப்பர் பத்திப் பேச்சே இல்ல. இல்லாத சாமானைப் பத்தி எதுக்குப் பேசணும்?"

"அப்ப மெதெர்?"

"மெதெரை என்ன தூக்குலயா போடுவாங்க? பதட்டப்பட்டான். மனுஷன்தானே. ரெண்டு வருஷத்துல ஊரு மறந்துடும்."

"உனக்கு இந்த ஊரைத் தெரியாதா ரிஸ்பாய்? இங்க யாரு எதை மறந்திருக்கா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. குளிர்காலத்தில் ஆட்களை நிறுத்தச் சொன்னபோது மேலே சண்டை போட்டு வைத்துக்கொண்டவர். "சுரங்கத்தை மூடுவாங்க, புருல். அறுபது வீடு. நடுக்குளிர். அதுல உன் வீடும் ஒண்ணு. அப்புறம் நீயும் நானும் கோர்ட்டுக்குப் போகணும். எரிச்சேன்னு பொய் எழுதினதுக்கு."

அவர் தலைக்கு மேலே வெள்ளைப் பெட்டி தொங்கியது.

"அதுல ரப்பர் இருக்கா?" என்று கேட்டேன்.

"எதுல?"

"உன் தலைக்கு மேல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கும்" என்றார்.

தாளை எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்லர் கொட்டகைக்குப் போனேன். அடுப்புக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். பஞ்சு பொசுக்கென்று போனது. கட்டுத்துணி மெதுவாகக் கருகியது. நல்ல துணி, இன்னும் பத்துப் பேருக்கு ஆகும். மருந்துக் குப்பிகள் வெடித்தன. அயோடின் பாட்டில் உடைந்து ஊதா நிறத்தில் புகை கிளம்பியது. இந்த வேலையை இரண்டு வருஷத்துக்கு முன் செய்திருக்க வேண்டும். அன்றைக்கு ரப்பரை மட்டும் எரித்திருந்தால் போதும். இந்தப் பெட்டியில் ரப்பர் இல்லையென்றால் மெதெர் நேராகத் தன் இடுப்பு பெல்ட்டைத்தான் தேடியிருப்பான். அல்லது நானே கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்திருப்பேன்.

கடைசியாக அடியில் இருந்தது நான்காவது ரப்பர் பட்டை. அதை எரிக்கவில்லை. பையிலிருந்த நான்கு துண்டுகளையும் அதையும் காலிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். ரிஸ்பாய் கொடுத்த தாளை அடுப்பில் போட்டேன்.

காலையில் மெதெர் வீட்டுக்குப் போனேன். கொட்டிலில் பசுவின் தண்ணீர்த் தொட்டியில் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்ல கோட்டைப் போடு. வா."

"எங்க அக்கா?"

"சுயுன் வீட்டுக்கு."

கோடரியைக் கீழே வைத்தான். "என்னைத் துரத்துவாங்க."

"இன்னைக்குத் துரத்தினா என்னைத்தான் துரத்துவாங்க. வா."

"பெட்டியில என்ன?"

"நான் எரிக்காதது."

கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். மேலே கேட்கிற தெம்பு அவனிடம் இல்லை.

முற்றத்தில் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. எண்ணெயில் மாவு பொரிகிற வாசனை தெருவரை வந்தது. மொல்லா ஓதி முடித்திருந்தார். ஆண்கள் சுவரோரம் நின்றார்கள், பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்தார்கள். மெதெரை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னேன். பெண்கள் பக்கம் போகவேண்டிய நான் நேராக ஆண்கள் வரிசைக்குப் போனேன். யாரோ, "அக்கா, அந்தப் பக்கம்" என்றார்கள். நான் தொக்தோவுக்கு முன்னால் நின்று பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். முழுசாக இருந்த பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"தொக்தோ அண்ணே, இதை இழுங்க."

"என்ன இது? இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். இழுங்க."

அவர் கருமான். குதிரைக்கு லாடம் அடிக்கிற கை. என்னை முறைத்துக்கொண்டே இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். அரை முழம்கூட வரவில்லை. படக்கென்று அறுந்து ஒரு முனை அவர் மணிக்கட்டில் அடித்தது. ரப்பர் பொடி அவர் கோட்டில் உதிர்ந்தது.

"உங்க தம்பி காலுல மெதெர் கட்டினது இதோட ஜோடி," என்றேன். பெட்டியிலிருந்த துண்டுகளைக் காட்டினேன். அவற்றில் இருந்த கறுப்பு என்ன என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. "அவன் சரியாத்தான் கட்டினான். சீக்கிரமாத்தான் கட்டினான். நான் பக்கத்துல இருந்தேன். அறுந்தது இது. ரெண்டு தடவையும் இதுதான். இதை அவன் கையில குடுத்தது நானு. எரிச்சுட்டோம்னு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்து வெச்சவளும் நானு."

"அந்த வெள்ளைப் பெட்டி?" தொக்தோவின் குரல் இறங்கியிருந்தது. "முத்திரைகூட உடைக்கலயே அவன்."

"அதைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு அவன் வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னவளும் நான்தான். உங்க தம்பிக்கும் சொன்னேன். எல்லாருக்கும் சொன்னேன்."

உள்ளே ஒப்பாரி நின்றிருந்தது. வாசலில் சுயுன்பெக்கின் மனைவி ஜூரா வந்து நின்றாள். நாற்பது நாளாகக் கட்டிய கறுப்புத் துணி. அவள் துண்டுகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"என்ன?"

"இது அறும்னு எப்ப தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் போதும். யாராலும் மறுக்க முடியாது.

"கோடையில. ஒண்ணு என் கையிலயே அறுந்துச்சு. மத்ததைப் பார்த்தேன். பார்த்துட்டுத் திருப்பி உள்ள வெச்சேன்."

"பார்த்துட்டு."

"பார்த்துட்டு."

"நாப்பது நாளா என் வீட்டுக்கு வந்துட்டுப் போனியே. எனக்குத் தலை வாரி விட்டியே."

"ஆமா."

அவள் என்னை அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மெதெர் வேலியைத் தாண்டி உள்ளே வந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். என் பக்கம் வந்தான். என்னவோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். விரலால் வளைத்தான். அது ஒடிந்தது. இன்னொரு தடவை வளைத்தான். மறுபடி ஒடிந்தது. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தாண்டி நடந்தான், நடுவில் ஒரு கம்பம் நிற்பதுபோல. அதில் தப்பு ஒன்றுமில்லை. என்னால்தான் அவன் அந்த நாற்பது நாளை அனுபவித்தான்.

வேலிவரை திரும்பிப் போனான். அங்கிருந்து முதலிலிருந்து தொடங்கினான்.

"என் ஈரக்குலையே!"

குரல் சரியாக வரவில்லை. நாற்பது நாள் அடைத்துக் கிடந்த குரல். ஒரு அடி வைத்தான். "என் ஈரக்குலையே, உன்னை எங்கடா தேடுவேன்!"

தொக்தோ தன் கையிலிருந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் வாயையே பார்த்தேன். மெதெர் முற்றத்தின் பாதிக்கு வந்துவிட்டான். அன்றைக்கு அவன் நின்ற அதே இடம். நடை தளர்ந்தது.

தொக்தோ வாயைத் திறந்தார். "தம்பியே!" என்று ஒரு கதறல். வரிசை முழுக்க அதை வாங்கிக்கொண்டது. இரண்டு பேர் முன்னால் ஓடி மெதெரைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்திக்கொண்டே இருந்தான். பெண்கள் உள்ளே மறுபடி தொடங்கினார்கள். ஜூராவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மீதித் துண்டுகளைத் தரையில் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டேன். அவை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டேன். வியாழக்கிழமை விசாரணைக் குழுவிடமும் இதையே சொல்ல வேண்டும். அப்புறம் சாமான் அறை என்னுடையதாக இருக்காது. கோர்ட்டு இருக்கலாம். ரிஸ்பாய் என்னோடு பேசமாட்டார். அறுபது வீடும் பேசாமல் போகலாம். ஆனால் நேற்றுவரை இருந்த அளவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் நாற்பதாம் நாள் சாப்பாட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். வேலிப் படலைக்கிட்டே ஒரு பெண் நின்று ரொட்டியும் கறித்துண்டும் கட்டிக் கொடுப்பாள். எதிரியாக இருந்தாலும் கொடுப்பாள். அன்றைக்கு அங்கே நின்றவள் ஜூராவின் தங்கை. நான் போனபோது அவள் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. என்னைப் பார்த்தாள். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சரிவில் இறங்கினேன். பெட்டி காலியாக இருந்ததால் ஒவ்வொரு அடிக்கும் அதன் மூடி டக் டக் என்று அடித்தது. வளைவு திரும்புகிறவரை பின்னால் ஆண்கள் அழுகிற சத்தம் வந்துகொண்டேயிருந்தது. அதில் மெதெரின் குரல் எது, தொக்தோவின் குரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.